அம்புலிமாமா தேய்ந்த கதை

பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தால் தலை வெடித்துவிடும். வாய் திறந்தால் மௌனம் கலைந்து, தோளில் கிடக்கும் உடலோடு வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிக்கொள்ளும். இந்த இக்கட்டில் ஓர் அரசனை நிறுத்திவைத்து, மாதத்துக்கு ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்ல வைத்தது ஒரு சிறுவர் பத்திரிகை. இருவரில் யார் பெரிய தியாகி, குற்றம் அரசனுடையதா மந்திரியுடையதா, வாக்கைக் காப்பாற்றியவன் செய்தது நியாயமா என்று பெரியவர்களே தடுமாறும் கேள்விகள் அவை. வேதாளம் கேட்டு முடித்த இடத்தில் அடுத்த பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு, விக்கிரமன் என்ன சொல்வான் என்று தாங்களே யோசித்துப் பார்த்த பிள்ளைகள் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை அல்ல, மூன்று தலைமுறை. எட்டு வயதுப் பிள்ளையால் ஒரு தர்மசங்கடத்தைத் தாங்க முடியும் என்று நம்பியதுதான் அம்புலிமாமாவின் பெருமை. அந்த நம்பிக்கை முதலில் போனது. பத்திரிகை நின்றது அதற்கப்புறம்தான்.

1947 ஜூலையில், நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, சென்னையில் தெலுங்கில் சந்தமாமாவாகவும் தமிழில் அம்புலிமாமாவாகவும் அது ஒரே நேரத்தில் பிறந்தது. வெளியிட்டவர் பி. நாகிரெட்டி, ஆசிரியர் சக்கரபாணி. பாதாள பைரவி, மிஸ்ஸியம்மா, மாயாபஜார் என்று பின்னால் திரையுலகில் கொடிகட்டிப் பறந்த அதே இருவர். சக்கரபாணி, வங்காளத்திலிருந்து சரத் சந்திரரைத் தெலுங்குக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர். 1952 முதல் 1980-ல் இறக்கும்வரை இதழின் எழுத்தைக் கட்டிக் காத்தவர் கொடவடிகண்டி குடும்பராவ், தெலுங்கின் முன்னணி நாவலாசிரியர்களில் ஒருவர். இடதுசாரிச் சிந்தனை கொண்டவர். அப்படிப்பட்டவர் பேய்க்கதைக்கும் மந்திரவாதிக் கதைக்கும் முகம் சுளிக்கவில்லை. வரிக்கு வரி உட்கார்ந்து திருத்தினார். பிள்ளைகளுக்குத்தானே என்ற அலட்சியம் அந்த அலுவலகத்தில் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு மொழியின் மிகத் தேர்ந்த எழுத்தாளரைச் சிறுவர் கதையைச் செப்பனிட உட்கார வைக்கும் பத்திரிகை இன்று இந்தியாவில் எங்காவது இருக்கிறதா?

அந்தப் பத்திரிகையின் வீச்சை நெய்வேலியில் வைத்துப் பார்க்க வேண்டும். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு முந்திரிக் காட்டுக்கும் செம்மண்ணுக்கும் நடுவே ஒரு நகரியம் எழுந்தது. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பொறியாளர்கள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்கள். ஒரே வட்டத்தில், ஒரே தெருவில், ஒரு வீட்டுக்கு அம்புலிமாமா வரும், பக்கத்து வீட்டுக்குத் தெலுங்குச் சந்தமாமா வரும், எதிர்வீட்டுக்கு மலையாள அம்பிளி அம்மாவன் வரும். எழுத்து வேறு, படம் ஒன்று. மொழி தெரியாத பிள்ளை அடுத்த வீட்டு இதழைப் புரட்டி, படத்தைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடும். மராத்தியில் அது சாந்தோபா. ஆங்கிலம், இந்தி, ஒடியா, வங்காளம், குஜராத்தி, சமஸ்கிருதம், இலங்கைக்குச் சிங்களம், கடைசியில் சந்தாலி வரை போனது. இந்த நாட்டில் இத்தனை மொழிப் பிள்ளைகள் ஒரே மாதத்தில் ஒரே படத்தைப் பார்த்து ஒரே பேய்க்குப் பயந்தது வேறு எதனாலும் நடக்கவில்லை.

நெய்வேலியிலிருந்து கடாம்புலியூர், பண்ருட்டி தாண்டினால் எங்கள் திருவதிகை. கெடிலக் கரையில் வீரட்டானேசுவரர் கோயில். முப்புரம் எரித்த கதைக்கு உரிய தலம். மேருவை வில்லாக வளைத்து, வாசுகியை நாணாகக் கட்டி, பூமியையே தேராக்கி வந்து மூன்று கோட்டைகளை எரித்தவர், கோட்டைக்குள் இருந்த அசுரர் மூவரை மட்டும் விட்டுவிட்டார். இருவரை வாயில் காக்க வைத்தார், ஒருவரைத் தாம் ஆடும்போது முழவு வாசிக்க வைத்தார். ஊரையே எரித்தவர் ஏன் அந்த மூவரை விட்டார் என்று கேட்காத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. பாட்டிமார்கள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். விமானத்தின் சுதைச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அந்தப் பதில்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அம்புலிமாமா அந்நியப் பொருளாக வரவில்லை. அதன் படங்களில் இருந்த தூண்களும் போதிகைகளும் யாளிகளும் நாங்கள் தினமும் கடந்துபோகிறவை. கதை கேட்கிற பழக்கத்தைக் கதை படிக்கிற பழக்கமாக மாற்றிக் கொடுத்தது அந்தப் பத்திரிகை. இதைவிடப் பெரிய காரியத்தை ஒரு மாத இதழ் செய்துவிட முடியாது.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும். பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு படம் இருக்கும். அட்டையில் எம்.டி.வி. ஆச்சார்யாவின் மகாபாரதக் காட்சிகள். வபா என்று கையெழுத்திட்ட வட்டாதி பாப்பையாவின் வண்ணங்கள், துணியின் மடிப்பில்கூட ஒளி விழும். உள்ளே சித்ரா. அரக்கனையும் மந்திரவாதியையும் விசித்திர மிருகங்களையும் அவர் அளவுக்கு நம்பும்படி வரைந்தவர் இல்லை. பிறகு சங்கர். 1924-ல் பிறந்த கே.சி. சிவசங்கரன், சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றவர். கலைமகளில் வேலை பார்த்துவிட்டு ஐம்பதுகளின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு வந்தார். உருவிய வாள் ஒரு கையில், தோளில் தொங்கும் உடல், கீழே பாம்பும் மண்டையோடும் கிடக்கும் சுடுகாட்டுப் பாதை: விக்கிரமன் என்றதும் நம் கண்ணில் வரும் உருவம் அவர் கொடுத்தது. சுமார் அறுபது ஆண்டுகள் அதே இதழுக்கு வரைந்தார். அவர் படத்தில் ஓர் அரண்மனை வந்தால் அதில் குடியிருக்கலாம். எந்தப் படி எங்கே போகிறது, சாளரம் எதைப் பார்த்திருக்கிறது, காவலன் எங்கே நிற்பான் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகள் கதையை ஐந்து நிமிடத்தில் படித்துவிட்டு, படத்தில் அரைமணி நேரம் இருப்பார்கள்.

தொடர்கதைகள் இன்னொரு உலகம். மரக்கலங்கள், எரிமலைத் தீவுகள், ஒற்றைக்கண் அரக்கர்கள், மந்திரவாதியிடம் சிக்கிய இளவரசர்கள் என்று ஆண்டுக்கணக்கில் ஓடிய அவற்றில் பலவற்றைத் தெலுங்கில் எழுதியவர் தாசரி சுப்ரமணியம். அவர் பெயர் இதழில் வராது. அன்றைய அம்புலிமாமாவில் எழுத்தாளர் பெயர் போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஒரு நெருக்கடியில் கதை நிற்கும், அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டும். அந்த முப்பது நாளும் பள்ளிக்கூடத்தில் அதே பேச்சுதான். இளவரசன் குகைக்குள் எப்படிப் போவான் என்று ஆளுக்கொரு வழி சொல்லிச் சண்டை போடுவோம். காத்திருக்கக் கற்றுக்கொடுத்தது அது. காத்திருந்த நாட்களில் நாங்களும் கதை கட்டினோம்.

வேதாளக் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சமஸ்கிருத மூலத்தில் இருப்பவை இருபத்தைந்துதான், சோமதேவரின் கதாசரித்சாகரத்துக்குள் அடங்குபவை. அவை தீர்ந்த பிறகும் அம்புலிமாமா நிறுத்தவில்லை. நாட்டுப்புறக் கதைகளையும் புதிதாகக் கட்டிய கதைகளையும் வேதாளத்தின் வாயில் வைத்து, நூற்றுக்கணக்கில் தொடர்ந்தார்கள். நல்ல கதை எழுதுவதே கடினம். முடிவில் ஒரு நெறிச் சிக்கல் விழுமாறும், அதற்கு விக்கிரமன் சொல்லும் பதில் எதிர்பாராததாகவும் அதே சமயம் ஒப்புக்கொள்ளக்கூடியதாகவும் இருக்குமாறும் மாதாமாதம் கட்டுவது எவ்வளவு பெரிய உழைப்பு! கையெழுத்துப் போடாத யாரோ அதைச் செய்துகொண்டே இருந்தார்கள்.

குறை இல்லாத பத்திரிகை அல்ல அது. ராஜாக்களும் ஜமீன்தார்களும் நிறைந்த உலகம். மாற்றாந்தாய் என்றால் கொடுமைக்காரி, வியாபாரி என்றால் பேராசைக்காரன். உழைக்கிறவன் கதாநாயகன் ஆக வேண்டுமானால் கடைசியில் இளவரசியைக் கட்ட வேண்டும். சாதி என்ற ஒன்று இந்த நாட்டில் இருப்பதாகவே அதன் பக்கங்களில் தெரியாது. தமிழ்ப் பதிப்பில் தமிழ் மண் குறைவு. மூலம் தெலுங்கு என்பதால் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் அப்படியே வரும். கெடிலமோ முந்திரிக் காடோ பலாத்தோப்போ அதில் ஒருபோதும் வரவில்லை. அது மாறியிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது மாறியபோது இந்தக் குறைகள் அப்படியே நிற்க, நிறைகள்தான் வெளியே போயின.

சரிவு ஒரே நாளில் வரவில்லை. சக்கரபாணி 1975-ல் காலமானார். ஐந்து ஆண்டுகளில் குடும்பராவும் போனார். அதற்கிடையில் சித்ராவும் இல்லை. பெரிய கைகள் ஓய்ந்த பிறகும் பழைய பழக்கத்தின் பலத்தில் இதழ் பல ஆண்டுகள் ஓடியது. 1998-ல் தொழிலாளர் தகராறில் நின்றது. அதே 1998-ல்தான் நெய்வேலியில் என்.எல்.சி. நிறுவனம் புத்தகக் கண்காட்சியைத் தொடங்கியது. பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நகரமே ஆசைப்பட்ட ஆண்டில், அவர்களுக்கென்று இருந்த பத்திரிகை கடைக்கு வரவில்லை. 1999 இறுதியில் புதிய முதலீட்டோடு மறுபடியும் வந்தது. 2007-ல் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் என்ற மென்பொருள் நிறுவனம் பெரும்பங்கை வாங்கியது. 2008-ல் புது வடிவம் அறிவித்தார்கள். தற்காலக் கதைகள், விளையாட்டு, தொழில்நுட்பம், செய்திப் பக்கங்கள் எல்லாம் சேர்ந்தன. புராணமும் பழங்கதையும் ஒதுங்கி இடம் கொடுத்தன.

அந்த இதழ்களைக் கையில் எடுத்தபோது ஏற்பட்ட ஏமாற்றத்தை இன்றும் மறக்க முடியவில்லை. தாள் நன்றாக இருந்தது, வண்ணம் பளபளத்தது. வாசிக்கத்தான் ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்தில் நாலு பெட்டிச் செய்தி, துணுக்கு, பொது அறிவு. கதை என்று வந்தது மூச்சு விடுவதற்குள் முடிந்தது. முடிவில் நீதி என்ன என்பதைப் பிள்ளைக்கு விட்டுவைக்காமல் அதுவே சொல்லிவிட்டது. பழைய கதைகளை மறுபடி போட்ட பக்கங்கள்தான் அந்த இதழ்களிலேயே உயிரோடு இருந்தவை. வயதான சங்கர் இன்னும் வரைந்துகொண்டிருந்தார். அவர் கோடு தளரவில்லை. ஆனால் அவரைச் சுற்றி இருந்த பக்கங்கள் வேறு யாருடைய பத்திரிகையோ ஆகிவிட்டன.

காலம் மாறிவிட்டது, டிவியும் கம்ப்யூட்டரும் வந்துவிட்டன, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ராஜா ராணிக் கதை பிடிக்காது என்று அப்போது பலர் சமாதானம் சொன்னார்கள். நான் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பத்திரிகை கைமாறிய அதே 2007-ல், ஜூலை மாதத்தில், ஹாரி பாட்டரின் ஏழாவது நூல் வெளிவந்தது. அறுநூறு பக்கத்துக்கு மேல். சென்னையில் விடியற்காலையிலேயே பிள்ளைகள் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். கோட்டை, மந்திரக்கோல், சாபம், வாக்கு, துரோகம், மரணம் எல்லாம் அதில் இருந்தன. அம்புலிமாமாவின் சரக்கு அத்தனையும் அதில் இருந்தது. கூடவே, பிள்ளை நீண்ட கதையைத் தாங்கும், மரணத்தைத் தாங்கும், முடிவு தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. நம் ஊரிலேயே பொன்னியின் செல்வனை ஐந்து பாகமும் விடாமல் படித்து முடிக்கிற பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளை நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போனால் பார்க்கலாம். மாறியது பிள்ளைகள் அல்லர். பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்கள் வைத்திருந்த மதிப்பு.

இதே காலத்தில் வேறு வழியில் போனவர்களும் உண்டு. அனந்த் பாய் 1967-ல் தொடங்கிய அமர் சித்திரக் கதையும் 1980-ல் தொடங்கிய டிங்கிளும் அதே 2007-ல்தான் புதிய கைக்கு மாறின. அவை இன்றும் வருகின்றன. பழைய தலைப்புகளை அச்சில் வைத்திருந்தார்கள், கதை சொல்வதே தொழில் என்பதை மறக்கவில்லை. வங்காளத்தில் 1913-ல் உபேந்திரகிஷோர் ராய் தொடங்கிய சந்தேஷ் இடையில் நின்றுபோயிற்று. 1961-ல் அதைத் தூக்கி நிறுத்தியவர் அவருடைய பேரன் சத்யஜித் ராய். அவர் பழைய பெயரை மட்டும் மீட்கவில்லை. தாமே எழுதினார், தாமே வரைந்தார். துப்பறியும் பெலூதா 1965-ல் பிறந்தது அந்தச் சிறுவர் இதழில்தான். உலகமே கொண்டாடிய இயக்குநர் ஒருவர் பிள்ளைகளுக்கு எழுதுவதைத் தம் தகுதிக்குக் குறைவாக நினைக்கவில்லை. அம்புலிமாமாவைத் தொடங்கிய சக்கரபாணியும் அந்த ரகம்தான். பிற்காலத்தில் அதை வாங்கியவர்களுக்கு அது அறுபது ஆண்டு நற்பெயர், பல மொழி உரிமை, ஒரு பெரிய கதைக் கிடங்கு. அந்தக் கிடங்குக்குப் புதிதாக ஒரு கதை எழுதிச் சேர்க்கக்கூடிய குடும்பராவைத் தேட வேண்டும் என்று தோன்றியதற்கு அந்த இதழ்களில் அடையாளம் இல்லை.

பெயர் போடாத வழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அதனால் இதழுக்கு ஒரே குரல் கிடைத்தது உண்மை. பாட்டி சொல்கிற கதைக்கு ஆசிரியர் யார் என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, அந்த மயக்கம் அம்புலிமாமாவிலும் இருந்தது. ஆனால் நிறுவனம் கைமாறிய நாளில் அதன் விலை தெரிந்தது. எழுதியவருக்குப் பெயர் இல்லாததால் வாசகருக்குக் கேட்கவும் தெரியவில்லை. இன்னாரின் கதை எங்கே, இன்னாரை ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு கடிதம் போடக்கூட வழியில்லை. எல்லாம் நிறுவனத்தின் சொத்து. தாசரி சுப்ரமணியம் 2010-ல் காலமானபோது, அவர் கதைகளைப் படித்துத் தூக்கம் கெட்ட தமிழ் வாசகர்களில் பெரும்பாலோருக்கு அவர் பெயரே தெரியாது.

2012-13 வாக்கில் இதழ் நின்றது. விடைபெறும் இதழ் என்று ஒன்று வரவில்லை. வாங்கிய நிறுவனமே வெளிநாட்டுக் கடன்பத்திரப் பணத்தைத் திருப்பித் தர முடியாமல் சரிந்து, நீதிமன்ற உத்தரவால் கலைப்புக்குப் போனது. அவர்கள் செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை: பல ஆண்டு இதழ்களை ஒளிவருடி இணையத்தில் இலவசமாக வைத்திருந்தார்கள். பின்னர் அந்தத் தளமும் மறைந்தது. முன்கூட்டியே இறக்கிச் சேமித்து வைத்த வாசகர்களின் புண்ணியத்தில்தான் இன்று பழைய இதழ்கள் பார்க்கக் கிடைக்கின்றன. பத்திரிகையை நடத்தியவர்களைவிட, அதனால் ஏமாந்த வாசகர்கள் அதன்மேல் அதிக அக்கறை காட்டினார்கள்.

அதன் பிறகு கோகுலமும் சுட்டி விகடனும் அச்சில் வருவது நின்றது. பண்ருட்டி பஸ் நிலையத்துக் கடையில் போய், பிள்ளைக்குப் படிக்க மாத இதழ் ஒன்று கொடுங்கள் என்று கேட்டால் வண்ணம் தீட்டும் புத்தகத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள். எட்டரைக் கோடித் தமிழர் உலகெங்கும் இருக்கிறோம் என்று மேடைதோறும் பேசுகிறோம். அவர்களின் பிள்ளைகளுக்கு வாசலில் வந்து விழும் கதை ஒன்று இல்லை.

சங்கர் 2020 செப்டம்பர் 29 அன்று காலமானார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அறுபது ஆண்டு வரைந்தவருக்கு இறந்த பின் வந்த விருது. அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை வேறு ஒன்று பாக்கி இருக்கிறது. உரிமை யாரிடம் இருந்தாலும், அரசோ பதிப்பாளரோ முன்வந்து அதைப் பேசி வாங்கி, அந்தத் தொடர்கதைகளையும் வேதாளக் கதைகளையும் பழைய படங்களோடு தொகுதிகளாக அச்சிட வேண்டும். ஒவ்வொரு கதையின் தலைப்புக்குக் கீழும் எழுதியவர் பெயர் கண்டுபிடித்துப் போட வேண்டும்: கதை தாசரி சுப்ரமணியம், படம் சித்ரா என்று. தமிழாக்கம் செய்தவர் யார் என்று தெரிந்தால் அதையும். விலை, ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீட்டுப் பிள்ளை கேட்டு வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். சுருக்கக் கூடாது, எளிமைப்படுத்தக் கூடாது, நீதி என்று தனியாக ஒரு வரி சேர்க்கக் கூடாது.